வீட்டுக்கு ஏற்ற விளக்கு: தொன்மையும் பழமையும் புதுமையும்

தமிழில் 'விளக்கு' என்னும் சொல் மூன்று பணிகளைச் செய்கிறது. இருளைப் போக்கும் பொருளுக்கு அது பெயர். கறைபிடித்த பாத்திரத்தைத் துலக்குவதற்கும் அதுவே சொல். மாணவருக்குப் புரியாத பகுதியை ஆசிரியர் தெளிவாக்கும்போது அங்கேயும் அதுவே வருகிறது. 'விளங்கு' என்பது தன்வினை; 'விளக்கு' என்பது பிறவினை. தான் ஒளிர்வது விளங்குதல். பிறவற்றை ஒளிரச் செய்வது விளக்குதல். ஒரு வீட்டுக்கு விளக்குத் தேர்ந்தெடுக்கும்போதும் இம்மூன்று பொருளையும் நினைவிற் கொள்வது நல்லது. அது ஒழுங்காக எரிய வேண்டும். நம்மால் துலக்கிப் பேணக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் வரலாற்றை நம்மால் பிறருக்கு விளக்கவும் முடிய வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்து லயத்தை விட்டு நகரத்து அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். பாட்டி தமிழகத்திலிருந்து கப்பலில் வரும்போது கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று அவர்களிடம் இருந்தது. புதுவீட்டில் இடம் போதாது என்று, அதனைப் பழைய சாமான் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஈராண்டு கழித்துக் கூடத்தை அழகுபடுத்த எண்ணி, 'பழங்கால விளக்கு' என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள். ஒருநாள் அவர்கள் வீட்டுச் சிறுவன் விளையாட்டாக அதன் தண்டில் ஒரு காந்தத்தை வைத்தான். காந்தம் ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு. அந்தத் தாயாரின் முகம் அன்று வாடியதற்குக் காரணம் போன பணம் மட்டுமன்று. உண்மையான பழம்பொருளைக் கையிலிருந்து விட்டுவிட்டுப் போலிக்கு விலை கொடுத்தோமே என்பதே அவர் மனத்தை வருத்தியது.

இத்தகைய இழப்பு நம் வீடுகளில் அரியதன்று. அதனைத் தவிர்க்க உதவும் சில செய்திகளை இங்கே காண்போம்.

மூவகை விளக்குகள்

கடைகளில் 'அந்தக் காலத்து விளக்கு' என்று ஒரே பெயரால் விற்கப்படுபவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது தொன்மை விளக்கு. பன்னாட்டுச் சுங்கப் பட்டியலில் 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களுக்குத் தனித் தலைப்பே உண்டு. ஆகவே நூறு ஆண்டைக் கடந்ததையே தொன்மை விளக்கு என்று கொள்வது முறை. இரண்டாவது பழமை விளக்கு. நம் பாட்டன் காலத்தது, தந்தை காலத்தது என்று சொல்லத்தக்கது. ஆனால் நூறாண்டு ஆகாதது. அரிக்கேன் விளக்கும், காற்றடிக்கும் பெட்ரோமாக்சும், துணியுறை போட்ட மின்கம்பியுடைய மேசைவிளக்கும் பெரும்பாலும் இவ்வகையின. மூன்றாவது இக்காலத்துப் புதுவிளக்கு.

நான்காவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய வடிவத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்யும் விளக்கு அது. அதனைப் 'படிவிளக்கு' எனலாம். படிவிளக்கு என்று சொல்லி விற்றால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நாச்சியார்கோயிலில் இன்று வார்க்கும் விளக்கும் பழைய வடிவத்தின் நேர்மையான தொடர்ச்சியே. தொன்மை என்று சொல்லி விற்கும்போதுதான் அது போலி ஆகிறது. போலியை ஆக்குவது விற்பவரின் சொல்லே ஒழிய விளக்கின் வடிவம் அன்று.

இலக்கியத்திலும் மண்ணிலும்

இடத்துக்கு ஏற்ற விளக்கு என்னும் எண்ணம் நம்மவர்க்குப் புதிதன்று. நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்து மப்பில் பொழுது போனது தெரியவில்லை. பிச்சி அரும்பு விரிந்து மணப்பதைக்கொண்டு மாலையை அறிந்த ஊர் மகளிர், இரும்பினாற் செய்த விளக்கில் நெய் தோய்ந்த திரியை ஏற்றி வணங்குகிறார்கள். அதே பாட்டில் அரண்மனைக்குள் செல்லும்போது, யவனர் செய்த பாவையின் கையில் ஏந்திய அகலில் நெய் நிறைந்து சுடர் எரிகிறது. ஊரில் இரும்பு விளக்கு. அரண்மனையில் கடல்கடந்து வந்த கைவேலை. முல்லைப்பாட்டிலோ பாசறை காட்டப்படுகிறது. அங்கே கச்சில் வாள் செருகிய மகளிர் நெய் வார்க்கும் குழாயும் நெடுந்திரியும் வைத்துக்கொண்டு, விளக்கு மங்குந்தோறும் ஏற்றுகிறார்கள். காற்று வீசும் கூடாரத்தில் விளக்கைக் காக்க ஆள் வேண்டும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார்.

யவனர் பொருள் தமிழகத்துக்கு வந்தது கற்பனை அன்று என்பதை அரிக்கமேடு காட்டியது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே நடத்திய அகழாய்வால், உரோம நாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளும் அவ்வூருக்கு வந்திருந்தமை உறுதியாயிற்று.

நமக்கு இன்னும் அருகில், தாய்லாந்தின் காஞ்சனபுரிப் பகுதியில் உள்ள பொங் தூக் என்னும் சிற்றூரில், 1927இல் வெண்கல விளக்கு ஒன்று கிடைத்தது. நடுநிலக்கடல் நாட்டு வேலைப்பாடு அது. மூடியில் கிரேக்கர் கதைகளில் வரும் சைலீனசின் முகம் இருக்கிறது. அத்துணைத் தொலைவிலிருந்து அது எவ்வாறு வந்தது என்பது அறிஞர் பலரை எழுதத் தூண்டியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விளக்கு ஐரோப்பிய நகரம் ஒன்றில் கிடைத்திருந்தால் நூறு விளக்குகளில் ஒன்றாக இருந்திருக்கும். தாய்லாந்து மண்ணில் கிடைத்ததனால்தான் பழங்காலக் கடல்வாணிகத்தின் சான்றாயிற்று. ஒரு பழம்பொருளின் மதிப்பில் பெரும்பகுதி அது எங்கிருந்து வந்தது என்னும் செய்தியில் இருக்கிறது. அச்செய்தி அழிந்தால் எஞ்சுவது உலோகத்தின் எடையே.

விளக்கை நிலைநிறுத்தத் தமிழர் செய்த ஏற்பாடுகளைச் சோழர் கல்வெட்டுகள் சொல்கின்றன. கோயிலில் இரவும் பகலும் அணையாது எரியும் நுந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் கொடுத்ததைப் பல கல்வெட்டுகளிற் காணலாம். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மூத்த ஆடு இறந்தாலும் குட்டி அதன் இடத்துக்கு வரும். ஆகவே மந்தையின் தொகை குறையாது. அதனால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள். விளக்கைச் செய்து வைப்பதோடு கடமை முடிந்துவிடவில்லை. அது தொடர்ந்து எரிவதற்கு வழிசெய்வதையே அவர்கள் பெரிதாக எண்ணினார்கள்.

குத்துவிளக்கை அறிதல்

'குத்து' என்பது இங்கே நிமிர்ந்து நிற்றலைக் குறிக்கும். குத்துவிளக்கில் நான்கு உறுப்புகள் உண்டு: அடியில் பாதம், அதன்மேல் தண்டு, எண்ணெய் நிற்கும் தகழி, உச்சியில் முடி. முடியில் அன்னம் அமைப்பது பெருவழக்கு. இந்நான்கையும் தனித்தனியே வார்த்து, கடைந்து, மறை போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிப் பூட்டுவார்கள். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. காவிரிப் படுகையின் வண்டல் மண் அச்சுக்கட்டுவதற்கு ஏற்றதாக இருப்பதே இத்தொழில் அங்கே நிலைத்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அவ்வூர்க் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பாவை விளக்கு, கிளைவிளக்கு, தூங்கு விளக்கு என வேறு வகைகளும் உண்டு. தூண்டாமணி விளக்கு என்னும் தொங்கு விளக்கில் மூடிய கலம் ஒன்றிலிருந்து எண்ணெய் தானே இறங்கும். தகழியில் எண்ணெய் குறைந்து துளை வெளிப்பட்டதும் காற்று உள்ளே போகும். எண்ணெய் வெளியே வரும். மட்டம் உயர்ந்து துளை மூடியதும் நின்றுவிடும். காற்றழுத்தத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல கருவி வேண்டுவதில்லை.

பழைய குத்துவிளக்கு என்று சொல்லி ஒருவர் நம்மிடம் நீட்டினால் எவற்றைப் பார்க்க வேண்டும்?

முதலில் காந்தம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு என்று துணியலாம். ஆனால் ஒட்டவில்லை என்பதனாலேயே அது பழையது ஆகிவிடாது. நேற்று வார்த்த பித்தளையிலும் காந்தம் ஒட்டாது.

அடுத்தது எடை. பித்தளை நீரைப்போல் எட்டரை மடங்கு கனமுடையது. துத்தநாகக் கலவை ஏறத்தாழ ஆறரை மடங்கு. அலுமினியம் மூன்று மடங்குக்கும் குறைவு. கையில் எடுத்ததும் எதிர்பார்த்த கனம் இல்லையெனில் ஐயுற வேண்டும். தண்டு உள்ளீடற்றதா என்பதையும் பாதத்தைக் கழற்றிப் பார்த்துக்கொள்க.

மூன்றாவது, உட்புறம். வெளியே மெருகேற்றியவர் பாதத்தின் அடிப்பக்கத்தை மெருகேற்றுவதில்லை. வார்ப்பு மணலின் சொரசொரப்பும் அரத்தின் கீறல்களும் கடைசல் வளையங்களும் அங்கேதான் தெரியும். விளக்கைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். கையால் வெட்டிய மறை சற்று ஒழுங்கற்று இருக்கும். எந்திரத்தில் வெட்டியது ஒரே சீராக இருக்கும். உறுப்புகளின் நிறம் ஒன்றோடொன்று மாறுபட்டால், வேறு விளக்கின் தண்டோ முடியோ பொருத்தப்பட்டிருக்கிறது என்று அறியலாம்.

நான்காவது, தேய்மானம். இது மிகச் சிறந்த சான்று. பல ஆண்டுகள் பயன்பட்ட விளக்கு எல்லா இடத்திலும் ஒன்றுபோலத் தேய்வதில்லை. கை பிடிக்கும் இடத்தில் தண்டின் வளையங்கள் மழுங்கியிருக்கும். பாதத்தின் விளிம்பு தரையில் உராய்ந்து தேய்ந்திருக்கும். திரி கிடக்கும் முகங்களில் மட்டும் கருமை ஊறியிருக்கும். எல்லா முகங்களும் ஒரே அளவு கறுத்து, எல்லா விளிம்பும் ஒரே அளவு தேய்ந்திருந்தால், அது பழக்கத்தால் வந்ததன்று; பட்டறையில் வரவழைத்தது.

ஐந்தாவது, களிம்பு. காலத்தால் ஏறிய பச்சைக் களிம்பு இடுக்குகளில் இறுகிப் பிடித்திருக்கும். அமிலம் தடவி அவசரமாக ஏற்றியது பெரும்பாலும் துணியால் தேய்த்தால் பொடியாக உதிரும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்தல் ஆகாது; ஐந்தும் ஒருமுகமாகச் சொல்ல வேண்டும். இவை யாவற்றினும் மேலானது, 'இது யார் வீட்டில் இருந்தது?' என்னும் கேள்வி. விற்பவர் அதற்குத் தெளிவாக விடை சொல்ல முடியவில்லையெனில், பித்தளைக்குரிய விலையைக் கொடுக்கலாம். தொன்மைக்குரிய விலையைக் கொடுக்க வேண்டுவதில்லை.

துலக்குவதிலும் அளவு வேண்டும். புளியிட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். புளியின் அமிலம் மேற்பரப்பின் கறையைக் கரைக்கிறது, பித்தளை பளபளக்கிறது. ஆனால் அமிலம் நெடுநேரம் தங்கினால் துத்தநாகத்தையும் கரைத்துவிடும்; அப்போது செம்பு மட்டும் எஞ்சிச் செந்நிறத் திட்டுகள் தோன்றும். அன்றாடம் ஏற்றும் விளக்குக்குப் புளி தடவியதும் உடனே கழுவி, ஈரம் போகத் துடைப்பது போதும். பாட்டி காலத்து விளக்காயின் வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் நீக்குதல் நன்று. அதன் மங்கிய நிறம் அழுக்கு அன்று, வயது. துலக்கத் தெரிந்தவர்க்குத் துலக்காமல் விடவும் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டமும் மனச்சான்றும்

தமிழகத்துக்குச் சென்று திரும்புவோர் சிலர் அங்கிருந்து பழைய விளக்கு வாங்கி வர விரும்புகிறார்கள். அவர்கள் அறிய வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய உலோகப் பொருளைத் தனியார் எவரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது. ஆகவே 'இருநூறு ஆண்டு பழையது, எடுத்துச் செல்லுங்கள்' என்று ஒரு வணிகர் சொன்னால், இரண்டில் ஒன்று உறுதி. அது இருநூறு ஆண்டு பழையதன்று. அல்லது அதனை எடுத்துச் செல்வது குற்றம்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடம் வாங்கிய உமா பரமேசுவரி வெண்கலப் படிமம், தமிழகக் கோயிலிலிருந்து களவாடப்பட்டது என்று பின்னர்த் தெரியவந்தது. 2015இல் அது இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆய்வாளர்கள் நிறைந்த நிறுவனத்துக்கே இது நேர்ந்தது. கோயில் விளக்குகளில் கொடுத்தவர் பெயர் பொறிப்பது வழக்கம். அவ்வாறு பெயர் பொறித்த விளக்கு ஒன்று கடையில் கண்ணிற் பட்டால், அது எவ்வாறு அங்கு வந்தது என்று கேளாமல் வாங்குவது ஒரு தமிழ்ப் பற்றாளர்க்கு அழகன்று. ஒருவர் அணையாமல் எரிவதற்கென்று கொடுத்த விளக்கு நம் கூடத்தில் அணியாக நிற்பதில் பெருமை என்ன இருக்கிறது?

தோட்டத்து விளக்குகள்

நம் நாட்டுத் தமிழர்க்கு உரிமையான பழமை விளக்குகள் வேறு. அவை பித்தளையைவிடப் பெரும்பாலும் தகரத்தாலும் கண்ணாடியாலும் ஆனவை. லயத்து வீட்டில் தொங்கிய அரிக்கேன் விளக்கு, சுவரில் மாட்டிய சிம்னி விளக்கு, திருமணத்துக்கும் கூத்துக்கும் வாடகைக்கு எடுத்த பெட்ரோமாக்சு, விடியுமுன் பால்மரம் சீவச் சென்றவர் நெற்றியில் கட்டிய கார்பைடு விளக்கு ஆகியவை அவை. இவற்றைத் தொன்மை என்று எவரும் கொண்டாடுவதில்லை. ஆயினும் நம் முன்னோரின் உழைப்பும் அவர்தம் பிள்ளைகளின் படிப்பும் இவ்விளக்குகளின் ஒளியில்தான் நடந்தன.

அரிக்கேன் விளக்கின் அமைப்பு எளியது, அறிவு நிறைந்தது. சுடரின் இருபுறத்துச் சட்டங்களும் உள்ளீடற்ற குழாய்கள். சுடருக்கு வேண்டிய காற்று அவற்றின் வழியே இறங்குகிறது. வெளிக்காற்று நேரே சுடரைத் தாக்காததால் புயற்காற்றிலும் அணைவதில்லை. பெயரும் அதனால் வந்ததே. பெட்ரோமாக்சு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்மனியின் மாக்சு கிரெட்சு உருவாக்கியது. காற்றடித்து அழுத்திய மண்ணெண்ணெய் சூடேறி ஆவியாகி, மேண்டில் என்னும் வலைக்குள் எரிகிறது. அந்த வலையைக் கண்டவர் ஆசுதிரிய நாட்டு அறிஞர் வெல்சுபாக், காலம் 1885. பிற்காலத்து மேண்டில்களில் தோரியம் சேர்க்கப்பட்டது. தோரியம் சிறிதளவு கதிரியக்கம் உடையது. எனவே பழைய மேண்டிலைக் கையால் நொறுக்குவதும் அதன் தூளை மூச்சில் இழுப்பதும் கூடா. கார்பைடு விளக்கில் கால்சியம் கார்பைடின்மேல் நீர் சொட்டும்போது அசெட்டிலீன் வாயு எழுந்து எரியும்.

இவ்விளக்குகளை வாங்குவோர் எண்ணெய்த் தொட்டியின் பற்றுகளில் துருவும் கசிவும் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏற்ற விரும்பினால் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில், மண்ணெண்ணெய் மட்டுமே ஊற்றி ஏற்ற வேண்டும். பெட்ரோல் ஒருக்காலும் கூடாது. அடுக்குமாடி வீட்டில் அவற்றைக் காட்சிப்பொருளாக வைப்பதே தக்கது. வைக்கும்போது அது எந்தத் தோட்டத்தில், யார் வீட்டில் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டிவிடுங்கள். பேரன் காலத்தில் அந்தச் சீட்டே விளக்கைவிட விலைமதிப்புடையதாகும்.

மின்சாரம் வந்த வரலாற்றிலும் ஒரு தமிழர்க்குப் பங்கு உண்டு. 1894இல் சிலாங்கூர் ரவாங்கில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தம் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி அமைத்தனர். இந்நாட்டு மின்சார வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. சிங்கப்பூர்த் தெருக்களில் 1864இல் வாயு விளக்கும் 1906இல் மின்விளக்கும் எரியத் தொடங்கின. ஆனால் தோட்டத்து லயங்களுக்கு அந்த ஒளி வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. பல தோட்டங்களில் மின்னாக்கி மாலையில் சில மணி நேரமே ஓடியது. அதன்பின் மீண்டும் மண்ணெண்ணெய் விளக்குத்தான்.

பழைய மின்விளக்கு

பழைய மின்விளக்குகளைப் பொறுத்தவரையில் அழகைவிடக் காப்பே முதன்மையானது. அக்காலத்துக் கம்பிகளில் இரப்பர் உறையும் அதன்மேல் துணியும் இருக்கும். ஆண்டுகள் செல்ல இரப்பர் காய்ந்து நொறுங்கும். துணி மறைப்பதால் வெளியே தெரியாது. பித்தளையுடம்பில் அந்தக் கம்பி உரசினால் விளக்கு முழுவதிலும் மின்சாரம் பாயும். ஆகவே பழைய மின்விளக்கு வாங்கினால் கம்பி, சுவிட்சு, குமிழ்தாங்கி, செருகி ஆகிய நான்கையும் தகுதிபெற்ற மின்தொழிலாளரைக்கொண்டு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும். உலோக உடம்பு உடையதாயின் நிலக்கம்பி கட்டாயம். நம் மூன்றுகால் செருகியில் மேசைவிளக்குக்கு 3 ஆம்பியர் உருகி போதும். 13 ஆம்பியர் உருகியை அப்படியே விட்டுவைப்பது பெருந்தவறு.

அமெரிக்காவிலிருந்து வருவிக்கும் விளக்குகள் 120 வோல்ட்டுக்கு ஆனவை. இங்கோ 230 வோல்ட்டு. செருகியை மட்டும் மாற்றிப் பயன்படுத்தினால் உள்ளிருக்கும் குமிழ் நொடியில் எரிந்துபோகும். உறுப்புகளும் அந்த அழுத்தத்துக்கு ஏற்றவை அல்ல. புதிதாக வாங்கும் மின்பொருள்களில் சிங்கப்பூரில் பாதுகாப்புச் சின்னமும் மலேசியாவில் சிரிம் முத்திரையும் உண்டா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

மேலைநாட்டு விளக்குகளுள் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயமும் செம்பும் கொண்டு இணைத்த டிஃபனி விளக்கு புகழ்பெற்றது. இன்று கடைகளிற் காண்பவை பெரும்பாலும் அதன் படிவிளக்குகளே. தும்பி விளக்கு முதலிய பெயர்பெற்ற பல வடிவங்களை வரைந்தவர், நியூயார்க்கு டிஃபனி பட்டறையில் பெண்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்த கிளாரா டிரிசுகால் என்னும் அம்மையார். அவர் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஆராயப்பட்ட பின்னரே இவ்வுண்மை உலகுக்குத் தெரிந்தது. விளக்கு இருந்தது, அதைச் செய்தவர் பெயர் மறைந்திருந்தது. எழுதிவைத்த தாள்தான் அதனை வெளிக்கொணர்ந்தது.

புதுவிளக்கைத் தேர்தல்

இன்றைய விளக்கு என்றால் ஒளியுமிழி, அதாவது எல்.இ.டி. நீல ஒளியுமிழியைக் கண்டதால்தான் வெள்ளை ஒளி தரும் விளக்கு இயன்றது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகாமுரா ஆகிய மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்விளக்கை வாங்கும்போது பெட்டியில் நான்கு எண்களைப் பாருங்கள். முதலாவது லூமென், இது வெளிவரும் ஒளியின் அளவு. வாட்டு என்பது செலவாகும் மின்சாரமே தவிர ஒளி அன்று. பழைய 60 வாட்டுக் குமிழ் தந்த ஏறத்தாழ 800 லூமென் ஒளியை இன்று 9 வாட்டு விளக்கு தருகிறது. நாளைக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் ஓராண்டில் ஒரு விளக்குக்கே 93 யூனிட்டு மிச்சம். இரண்டாவது கெல்வின், இது ஒளியின் நிறம். 2700 என்றால் இளமஞ்சள். 4000 என்றால் வெள்ளை. 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. மூன்றாவது நிறங்காட்டும் திறன். நூற்றுக்கு எண்பதுக்குமேல் இருக்க வேண்டும், தொண்ணூறு நன்று. இது குறைந்தால் பட்டுச்சேலையின் அரக்கு நிறம் மண்ணிறமாகத் தோன்றும். நான்காவது ஆயுள். மூடிய கூண்டுக்குள் சூடு தேங்கினால் அந்த ஆயுள் குறையும் என்பதையும் அறிந்து வாங்குக.

நம் வீடுகளில் எல்லா அறையிலும் 6500 கெல்வின் விளக்கைப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. எண்ணெய்ச் சுடரின் நிறம் 2000 கெல்வினுக்கும் குறைவு. அத்தகைய சுடருக்குப் பக்கத்தில் நீலவெள்ளை ஒளி எரிந்தால் சுடர் களையிழக்கும், பித்தளையும் வெளிறும். பூசையிடத்துக்கும் கூடத்துக்கும் 2700 முதல் 3000 வரை பொருந்தும், சமையலறைக்கு 4000. உணவுமேசைக்கு மேலே தொங்கும் விளக்கு மேசையிலிருந்து ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் எதிரே இருப்பவர் முகமும் தெரியும், கண்ணும் கூசாது.

படிப்புமேசைக்குத் தனிக்கவனம் வேண்டும். 1932இல் சியார்சு கார்வர்டைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் வில்லின் விசையால் எந்த நிலையிலும் நிற்கும் மடக்கு விளக்கைக் கண்டார். இன்று நாம் காணும் மேசைவிளக்குகள் பல அதன் வழிவந்தவையே. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இடக்கைப் பிள்ளைக்கு வலப்பக்கம். இல்லையேல் எழுதும் கையின் நிழல் எழுத்தின்மேல் விழும். குமிழ் கண்ணுக்கு நேரே தெரியாதவாறு மூடி தாழ்ந்திருக்க வேண்டும். மேசைவிளக்கை மட்டும் ஏற்றி அறையை இருட்டாக வைப்பதும் தவறு. ஒளிக்கும் இருளுக்கும் மாறிமாறிப் பார்க்கும் கண் விரைவில் களைக்கும்.

எண்ணெய் விளக்கு ஏற்றும் வீட்டார்க்கு ஒரு சொல். மேலே தட்டுள்ள மாடத்துக்குள் சுடரை வைக்காதீர். திரைச்சீலைக்கு அருகிலும் வைக்காதீர். அடியில் அகன்ற தட்டு ஒன்று இருக்கட்டும். வீட்டைப் பூட்டிச் செல்லுமுன் விளக்கை மலையேற்றிவிடுங்கள். நுந்தா விளக்குக்குக் காவல் இருந்தது. நம் வீட்டு விளக்குக்கு நாமே காவல்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

எதைத் தேர்வது என்று கேட்பார்க்கு என் விடை இது. வேலைக்கும் படிப்புக்கும் புதுவிளக்கை வாங்குங்கள். அதில் சிக்கனமும் காப்பும் உண்டு. வழிபாட்டுக்குப் பித்தளை வேண்டுமாயின் இன்று வார்க்கும் நல்ல விளக்கை வாங்குங்கள். அதனால் ஒரு தொழிற்குடி வாழும். தொன்மைக்கு ஆசைப்பட்டால் கடைக்குப் போகுமுன் உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். வரலாறு தெரிந்த விளக்கு அங்கேதான் கிடைக்கும்.

தமிழாசிரியர்கள் இதற்கு உதவ முடியும். அகல், தகழி, திரி, தூண்டுகோல், சுடர், மாடம், லாந்தர் முதலிய சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து, 'உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய விளக்கைப் பற்றி மூத்தவரிடம் கேட்டு எழுதி வருக' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். மலாய் மாணவர் அருகில் இருந்தால் அவர்கள் நோன்பின் இறுதி நாள்களில் ஏற்றும் பெலித்தாவைப் பற்றியும் கேட்டுவரச் சொல்லலாம். பிள்ளை கேட்கும்போதுதான் பாட்டி பேசுவார். பாட்டி பேசினால்தான் அந்த விளக்கு எடைக்குப் போகாமல் நிற்கும்.

முதலிற் சொன்ன குடும்பத்தில் யாரும் அவ்வாறு கேட்கவில்லை. பாட்டியின் விளக்கு எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்ல இன்று அவ்வீட்டில் எவரும் இல்லை. நம் வீடுகளிலாவது, சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே, கேட்டு எழுதிவைத்துக்கொள்வோம்.